34 டிகிரி: சாக்லேட்டோடு பழகும் முறை

கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் வாயின் சூடு 37. சாக்லேட் வியாபாரம் முழுவதும் இந்த மூன்று டிகிரி வித்தியாசத்தில்தான் நடக்கிறது. கையில் எடுத்தால் கெட்டியாக இருக்க வேண்டும், உடைத்தால் டக்கென்று முறிய வேண்டும், நாக்கில் பட்டதும் கரைந்து ஓட வேண்டும். நெய்யால் இது முடியாது, தேங்காயெண்ணெயாலும் முடியாது.

சிக்கல் என்னவென்றால், மே மாதத்து மதுரையில் சமையலறை அலமாரியும் 34 டிகிரியைத் தாண்டிவிடும். 'அறைச் சூட்டில் வையுங்கள்' என்று வெளிநாட்டுச் சமையல் புத்தகங்கள் சொல்லும்போது அவை மனதில் வைத்திருப்பது 18 அல்லது 20 டிகிரி அறை. அந்தக் குறிப்பை அப்படியே நம்பிச் செய்தவர்கள் சாக்லேட் கஞ்சியோடு உட்கார்ந்திருப்பார்கள். இந்த அத்தியாயம் நம் ஊர் அறைக்காக எழுதியது.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வறுத்து அரைத்த கோகோ விதையில் பாதிக்குச் சற்று அதிகமாகக் கொழுப்பு இருக்கிறது. அதுதான் கோகோ வெண்ணெய். மீதமுள்ளது பழுப்புத் திப்பி. நிறம், கசப்பு, மணத்தில் பெரும்பங்கு எல்லாம் திப்பியில். உருகுவது, உறைவது, பளபளப்பது, வெளுப்பது எல்லாம் வெண்ணெயில். சாக்லேட்டில் ஏதாவது தப்பாகப் போனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது வெண்ணெய் செய்த வேலையா, திப்பி செய்த வேலையா என்பதுதான். இந்த இரண்டையும் இயந்திரத்தில் அழுத்திப் பிரிக்கும் வழிக்கு ஆம்ஸ்டர்டாமின் வான் ஹூட்டன் குடும்பம் 1828இல் காப்புரிமை பெற்றது. அதுவரை சாக்லேட் என்றால் பெரும்பாலும் குடிக்கும் பொருள்தான். பிரித்தெடுத்த வெண்ணெயைக் கூடுதலாகச் சேர்த்தால் மாவு அச்சில் ஊற்றுகிற பதத்துக்கு வரும் என்று கண்டு, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஃப்ரை நிறுவனம் 1847இல் கடித்துத் தின்னும் சாக்லேட்டை வார்த்தது. பால் சாக்லேட்டுக்கு 1875 வரை, சுவிட்சர்லாந்தின் டானியல் பீட்டர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மரத்தடியில் கொஞ்ச நேரம்

கோகோ நமக்கு முழு அந்நியம் இல்லை. 1798இல் கிழக்கிந்திய கம்பெனி அம்போய்னா தீவிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து குற்றாலத்தில் நட்டது. இந்தியாவில் கோகோ முதலில் வேர்விட்ட இடம் அதுதான் என்று வேளாண்மை நூல்கள் சொல்கின்றன. விற்பனைக்கான பயிராக வளர்ந்தது 1960களுக்குப் பிறகு, முதலில் கேரளத்தில். இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது. அமேசான் காட்டில் பெருமரங்களுக்கு அடியில் பிறந்த மரம் என்பதால் தென்னையின் அரைநிழல் அதற்கு ஒத்துப்போகிறது.

காய், பலா மாதிரி அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கும். பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது பெரும்பாலும் தேனீ அல்ல, குண்டூசித் தலையளவு கூட இல்லாத ஒரு வகைச் சிறு ஈ. அழுகும் இலைச்சருகில்தான் அது பெருகும். தோப்பைக் கண்ணாடி போல் பெருக்கி வைத்தால் காய்ப்பு குறையக்கூடும். குப்பை கொஞ்சம் கிடக்கட்டும்.

காயை வெட்டினால் உள்ளே முப்பது நாற்பது விதைகள், வெள்ளைச் சதைக்குள். சதை இனிப்பும் புளிப்புமாக அருமையாக இருக்கும். பிரேசிலில் அதைச் சாறெடுத்துக் குடிக்கிறார்கள். விதையைக் கடித்துப் பார்த்தால் முகம் சுளிக்கும் கசப்பு. குரங்கும் அணிலும் சதையை உறிஞ்சிக்கொண்டு விதையைத் துப்புவதும், அதனால் மரம் பரவுவதும் இந்தக் கசப்பின் ஏற்பாடு. தோப்பு வைத்திருப்பவர்கள் அணிலைப் பற்றிப் பேசும்போது இவ்வளவு ரசனையோடு பேசமாட்டார்கள்.

பச்சை விதையில் சாக்லேட் மணம் துளியும் கிடையாது. விதையைச் சதையோடு குவித்து வாழையிலையால் மூடியோ, மரப்பெட்டியில் போட்டோ ஐந்தாறு நாள் புளிக்க வைக்கிறார்கள். குவியலின் உள்ளே 45 முதல் 50 டிகிரி வரை சூடு ஏறும், முளை சாகும், கசப்பு தணியும், பின்னால் வறுக்கும்போது மணமாக மாறப்போகும் பொருட்கள் உருவாகும். பிறகு வெயிலில் காய வைக்க வேண்டும். புளிக்காத விதையை எவ்வளவு நேர்த்தியாக வறுத்தாலும் சாக்லேட் வராது. தோட்டத்திலிருந்து நேரடியாக விதை வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கும் முன் எத்தனை நாள் புளித்தது என்று கேட்கட்டும்.

காய்ந்த விதை ஒன்று சுமார் ஒரு கிராம். தோல், ஈரம் எல்லாம் போக, 70 சதவீத சாக்லேட் 100 கிராம் செய்ய ஏறக்குறைய 90 விதை, அதாவது மூன்று காய் தேவை. மெக்சிகோவில் கோகோ விதை நாணயமாகவே புழங்கியது. 1545இல் தலஸ்காலா நகரத்தில் எழுதிய விலைப்பட்டியல் ஒன்று இன்றும் இருக்கிறது: ஒரு பெட்டை வான்கோழிக்கு நல்ல விதை 100, சுருங்கிய விதையாக இருந்தால் 120, பெரிய தக்காளி ஒன்றுக்கு ஒரு விதை. விதைத்தோலுக்குள் மண்ணை அடைத்துக் கள்ள நாணயம் செய்தவர்களும் இருந்தார்கள். நாம் ஒரு மாலையில் தின்று தீர்க்கும் ஒரு கட்டி, அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட ஒரு வான்கோழி.

வாங்கும்போது

உறையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் கோகோ வெண்ணெய் இருந்தால் அது சாக்லேட். அந்த இடத்தில் பாமாயில் வகையோ, ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்போ இருந்தால் அது காம்பவுண்ட். கோகோ வெண்ணெய் விலை அதிகம், தனியாக அழகுசாதனக்காரர்களுக்கும் விற்கலாம். அதனால் அதை எடுத்துவிட்டு மலிவான கொழுப்பைத் திப்பியோடு சேர்ப்பது கணக்குக்குச் சரியாக வருகிறது.

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் 'ஹோம்மேட்' என்று எடை போட்டுத் தரும் கட்டிகளில் நிறைய இப்படிக் காம்பவுண்டை உருக்கி முந்திரியோ திராட்சையோ சேர்த்து அச்சில் ஊற்றியவை. அது ஏமாற்று என்று சொல்லமாட்டேன். மலையிலிருந்து இறங்கி வத்தலக்குண்டில் பஸ் மாறும்போதும் கட்டி கட்டியாகவே இருக்க வேண்டுமல்லவா? காம்பவுண்ட் அந்த வெயிலை ஓரளவு தாங்கும். ஆனால் நல்ல சாக்லேட்டின் விலையைக் கொடுத்து அதை வாங்காதீர்கள். சோதனை எளிது. சிறு துண்டை மெல்லாமல் நாக்கில் வைத்துக் காத்திருங்கள். கோகோ வெண்ணெய் என்றால் சுத்தமாகக் கரைந்து போகும். மற்றது மேலண்ணத்தில் மெழுகுப் படலத்தை விட்டுப்போகும்.

பிறந்தநாள் கேக்கின் மேல் பூ, இலை, எழுத்து வார்க்கிறீர்களா, காம்பவுண்டே மேல். டெம்பரிங் (கோகோ வெண்ணெயைச் சரியான படிகமாக உறையவைக்கும் முறை, பின்னால் வருகிறது) வேண்டாம், சீக்கிரம் உறையும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு மட்டும் உருக்காதீர்கள். அந்தக் கொழுப்பும் கோகோ வெண்ணெயும் ஒத்துப்போகாது; கலவை கொழகொழவென்று நிற்கும், ஓரிரு வாரத்தில் வெளுத்தும் போகும்.

70 சதவீதம் என்று எழுதியிருந்தால், திப்பியும் வெண்ணெயும் சேர்ந்து 70, மீதி பெரும்பாலும் சர்க்கரை என்று பொருள். அந்த 70க்குள் எது எவ்வளவு என்று உறை சொல்லாது. ஒரே சதவீதம் போட்ட இரண்டு கட்டிகளில் ஒன்று வழுவழுவென்றும் இன்னொன்று வறட்சியாகக் கசந்தும் இருப்பதற்குக் காரணம் இதுதான். சதவீதத்தைத் தரச்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைச் சாக்லேட்டில் திப்பியே இல்லை. கோகோ வெண்ணெய், பால், சர்க்கரை மட்டும். அதைச் சாக்லேட் என்று ஒப்புக்கொள்ளாத பிடிவாதக்காரர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அதைத் தட்டில் பரப்பி ஓவனில் 120 டிகிரியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி, பொன்னிறமாகும் வரை வைத்து எடுத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுத் தின்றால் பிடிவாதம் தளரும்.

வைக்கும்போது

ஃப்ரிட்ஜில் வைக்காதே என்பது ஐரோப்பிய விதி. நமக்கு மார்ச் முதல் செப்டம்பர் வரை வேறு வழி கிடையாது. முறையாக வைத்தால் ஒன்றும் ஆகாது: உறையோடு ஒரு ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, அதை இறுக்க மூடிய டப்பாவில் வைத்து, ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் வையுங்கள். குழம்பு மணத்தைக் கோகோ வெண்ணெய் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால்தான் இத்தனை மூடல். வெளியே எடுத்த பிறகு டப்பாவை உடனே திறக்கக் கூடாது. குளிர்ச்சி போகும்வரை விடுங்கள். அவசரப்பட்டால் குளிர்ந்த சாக்லேட்டின் மேல் காற்றின் ஈரம் படிந்து, சர்க்கரையைக் கரைத்து, காய்ந்ததும் சொரசொரப்பான வெள்ளைப் படலமாக நிற்கும்.

வழுவழுப்பான வெள்ளைப் படலம் வேறு. அது வெயிலில் இளகி மீண்டும் உறைந்ததன் அடையாளம், வெண்ணெய் மேலே வந்து படிந்தது. விரலால் தேய்த்தால் மறையும் என்றால் வெண்ணெய், மறையாமல் நெருடினால் சர்க்கரை. இரண்டுமே பூஞ்சை அல்ல, தூக்கியெறிய வேண்டாம். பாலிலோ கேக்கிலோ போட்டால் ஒருவருக்கும் தெரியாது.

வெயிலைத் தாங்கும் சாக்லேட்டை ராணுவங்களும் தேடியிருக்கின்றன. 1937இல் அமெரிக்க ராணுவத்தின் கேப்டன் பால் லோகன், ஹெர்ஷி நிறுவனத்திடம் ஒரு கட்டி கேட்டார். எடை நான்கு அவுன்ஸ், நிறையச் சத்து, கடும் வெப்பத்திலும் உருகக் கூடாது. கூடவே ஒரு நிபந்தனை: அவித்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம்தான் ருசியாக இருக்க வேண்டும். ருசித்தால் அவசரத்துக்கென்று கொடுத்ததைச் சிப்பாய்கள் முன்னாலேயே தின்றுவிடுவார்களே. ஓட்ஸ் மாவைக் கலந்து செய்த அந்தக் கட்டி 49 டிகிரியிலும் உருவம் மாறாமல் நின்றது. பற்களுக்குத்தான் சோதனை, கத்தியால் செதுக்கித் தின்றார்கள். உருகாத சாக்லேட் வேண்டும் என்று கேட்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

உருக்கும்போது

சாக்லேட்டுக்கு நெருப்பு நேராகப் படக் கூடாது. அகலப் பாத்திரத்தில் இரண்டு விரற்கடை தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, அதன் மேல் ஈரமில்லாத கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொட வேண்டாம். நறுக்கிய சாக்லேட்டைப் போட்டுப் பொறுமையாகக் கிளறினால் அந்த ஆவிச் சூடே போதும். மைக்ரோவேவ் இருந்தால் பாதி சக்தியில் முப்பது முப்பது நொடியாக வைத்து, ஒவ்வொரு முறையும் எடுத்துக் கிளறுங்கள். உருகினாலும் கட்டி தன் வடிவத்தை விடாமல் நிற்கும். கரண்டியை விட்டுப் பார்க்காமல் இன்னும் உருகவில்லை என்று முடிவு செய்தால் அடி கருகிவிடும்.

இந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்பது பலருக்கு அனுபவம். ஓடிக்கொண்டிருந்த சாக்லேட் ஒரு நொடியில் திரிந்து, மண் மாதிரி இறுகும். திப்பியும் சர்க்கரையும் அந்தத் துளி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம். இதற்கு வைத்தியம் விநோதமானது: இன்னும் தண்ணீர். 100 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரோ சூடான பாலோ ஊற்றிக் கலக்கினால் மறுபடி வழுவழுப்பாகும். அச்சில் வார்க்க இனி உதவாது. ஐஸ்கிரீம் மேல் ஊற்றலாம். தண்ணீர் துளிகூட இருக்கக் கூடாது, அல்லது போதுமான அளவு இருக்க வேண்டும். நடுவில் நின்றால்தான் வினை.

அச்சில் வார்த்த கட்டி பளபளப்பாகவும் முறியும்படியும் வர வேண்டுமானால் டெம்பரிங் அவசியம். கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகமாக உறையக்கூடியது. நமக்கு வேண்டியது ஐந்தாவது. 34 டிகிரியில் உருகுவது அதுதான். சும்மா உருக்கி ஆறவைத்தால் கீழ்நிலைப் படிகங்கள் வந்து, கட்டி மங்கலாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். வீட்டில் எளிய வழி விதை போடுவது. டார்க் சாக்லேட் 300 கிராம் என்றால் 200 கிராமை 45 டிகிரிக்குச் சற்று மேல் வரை உருக்குங்கள். மீதி 100 கிராமைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே வாருங்கள். போட்ட துண்டுகளில் ஏற்கெனவே இருக்கும் ஐந்தாம் படிகம் மற்றவற்றுக்கு வழிகாட்டும். 31 அல்லது 32 டிகிரியில் நிறுத்துங்கள். பால் சாக்லேட் என்றால் 29, 30. கத்தி நுனியை முக்கி எடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் மினுமினுப்பாக உறைய வேண்டும்.

இதில் தெர்மாமீட்டரைவிட அறை முக்கியம். 32 டிகிரி அறையில் 32 டிகிரி சாக்லேட் எப்படி உறையும்? ஏசி அறையை 20 அல்லது 22க்கு வைத்துவிட்டுத் தொடங்குங்கள், அல்லது மார்கழி வரும்வரை காத்திருங்கள். மின்விசிறியை நம்பி மே மாதத்தில் டெம்பரிங் செய்யச் சொல்லித்தரும் காணொளிகளை நான் மதிப்பதில்லை.

தண்ணீரில் அடித்த சாக்லேட்

இந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு செய்முறையைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே தீஸ் 1990களில் வகுத்தது. கிரீம் வேண்டாம், முட்டை வேண்டாம், ஜெலட்டின் வேண்டாம்.

70 சதவீத டார்க் சாக்லேட் 200 கிராம், தண்ணீர் 180 மில்லி. இரண்டையும் ஒரு பாத்திரத்தில் சிறு தீயில் வைத்து, சீரான பழுப்பு நீர்மமாகும் வரை கலக்குங்கள். இன்னொரு அகலப் பாத்திரத்தில் ஐஸ்கட்டியும் தண்ணீரும் நிரப்பி, அதன் மேல் சாக்லேட் பாத்திரத்தை வைத்துக் கம்பி மத்தால் அடியுங்கள். முதலில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு சட்டென்று, சில நொடிகளில், கிரீம் மாதிரி தடித்து எழும்பும். உடனே கையை எடுத்துவிட வேண்டும். உள்ளே புகுந்த காற்றுக் குமிழிகளைச் சுற்றிக் கோகோ வெண்ணெய் குளிரில் உறைந்து பிடித்துக்கொள்கிறது. இன்னும் அடித்தால் இறுகிச் சொரசொரத்துவிடும். இறுகினால் மறுபடி சூடாக்கிக் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து முதலிலிருந்து அடியுங்கள். தடிக்கவே இல்லையென்றால் சாக்லேட் போதவில்லை. இன்னும் இரண்டு துண்டு. எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெருந்தன்மை.

தண்ணீருக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு, சுக்கு போட்டுக் கொதிக்கவைத்த நீர், பாதிக்குப் பாதி டிகாக்‌ஷன் எதுவும் ஆகும். காம்பவுண்டில் மட்டும் முயல வேண்டாம்.

கோகோ பவுடர்

வெண்ணெயின் பெரும்பகுதியைப் பிழிந்தெடுத்த பின் மிஞ்சும் திப்பியைப் பொடித்தால் கோகோ பவுடர். இதில் இரண்டு சாதி. இயற்கையானது சற்று வெளிறிய நிறம், புளிப்புத் தன்மை. காரம் சேர்த்துப் பக்குவப்படுத்தியது 'டச்சு' வகை. கருத்த நிறம், மென்மையான சுவை, புளிப்பு இருக்காது. கேக் குறிப்பில் வெறும் ஆப்ப சோடா மட்டும் இருந்தால் இயற்கைப் பவுடரைப் போடுங்கள். அதன் புளிப்பு சோடாவோடு சேர்ந்துதான் கேக் உப்பும். டச்சு வகைக்கு பேக்கிங் பவுடர் வேண்டும். கேக் ஏன் கல்லாக வந்தது என்று கேட்டு வரும் கேள்விகளில் பலவற்றின் விடை இந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது. வாங்கிய டப்பாவின் பட்டியலில் அமிலத்தன்மை சீராக்கி என்றோ, 500, 501, 524 போன்ற எண்களோ இருந்தால் டச்சு வகை.

பவுடரைக் கேக்குக்குச் சேர்க்கும் முன் கொதிக்கும் நீரில் குழைத்துப் பத்து நிமிடம் விடுங்கள், மணம் இரட்டிப்பாகும். அந்த நீரில் கால் பங்கு ஃபில்டர் டிகாக்‌ஷன் என்றால் இன்னும் நல்லது. காபி வாசனை தனியாகத் தெரியாது, சாக்லேட் வாசனை ஆழமாகும்.

குடிக்கவா? ஒரு தம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் பவுடரையும் சர்க்கரையையும் முதலில் காய்ந்த நிலையிலேயே கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பவுடரில் மிஞ்சிய கொழுப்பு பாலை அண்டவிடாமல் மிதக்கும். சிறிது சூடான பாலில் குழைத்து, பிறகு மீதிப் பாலை ஊற்றி ஒரு கொதி. இருபது கிராம் டார்க் சாக்லேட்டும் கரைத்தால் அது பானம் இல்லை, விருந்து. கடைசியில் டபராவுக்கும் தம்ளருக்குமாகத் தூக்கி ஆற்றி நுரை எழுப்புங்கள். இது நம் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய மாயா மண்பானை ஒன்றில், ஒரு பெண் நின்றபடி ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து கோகோவை ஊற்றி நுரை வரவழைக்கும் சித்திரம் இருக்கிறது. அவர்கள் பானத்தில் பால் கிடையாது, கரும்புச் சர்க்கரையும் கிடையாது. மிளகாய் இருந்தது.

மிளகாயும் கோகோவும் இன்றும் பிரியவில்லை. மெக்சிகோவின் புவேப்லா ஊரில் செய்யும் மோலே, பல வகை வற்றல் மிளகாய், எள், கடலை, பட்டை, கிராம்பு எல்லாம் வறுத்தரைத்து, முடிவில் சிறிது சாக்லேட்டும் சேர்த்துக் காய்ச்சி வான்கோழி மேல் ஊற்றும் குழம்பு. நம் வீட்டில் முயல வேண்டுமானால் வறுத்தரைத்த மட்டன் குழம்பு இறக்கும் முன், ஒரு கிலோவுக்குப் பத்து கிராம் அளவில், இனிப்பில்லாத டார்க் சாக்லேட் போட்டுப் பாருங்கள். நிறமும் கனமும் கூடும். சாக்லேட் என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது, கண்டுபிடித்தால் அளவு அதிகம். புளிக்குழம்பில் போட வேண்டாம். சேராது.

கிரைண்டர் விவகாரம்

விதையிலிருந்து வீட்டிலேயே சாக்லேட் செய்யும் ஆசை அமெரிக்காவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியபோது, அங்கே ஒரு தடை இருந்தது. நாக்குக்குத் துகள் தெரியாமல் இருக்க 20, 25 மைக்ரான் வரை அரைக்க வேண்டும். தொழிற்சாலை இயந்திரங்கள் லாரி அளவு. ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் தேடிக் கண்டெடுத்தது, தமிழ்நாட்டில் இட்லி மாவு அரைக்கும் டேபிள்டாப் வெட் கிரைண்டர். கருங்கல் உருளைகள், நாள் கணக்கில் சுழலும் பொறுமை, எல்லாம் பொருந்தின. கோயம்புத்தூரில் சாக்லேட்டுக்கென்றே மாற்றியமைத்த கிரைண்டர்கள் இன்று பல நாடுகளுக்குப் போகின்றன.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர்: புளித்துக் காய்ந்த விதையை 120 டிகிரிக்கு மேல் அரை மணி வறுத்து, ஆறியதும் உடைத்து, முறத்தில் புடைத்துத் தோல் நீக்குங்கள். அமெரிக்கர்கள் இதற்கு ஹேர் டிரையர் பிடிக்கிறார்கள். முறம் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. பிறகு சர்க்கரைத் தூளோடு ஒரு நாள், இரண்டு நாள் என்று ஓட வேண்டும். இட்லி மாவு அரைக்கும் அதே கிரைண்டரில் செய்யாதீர்கள். கல்லின் நுண்துளைகளில் இருக்கும் ஈரம் சாக்லேட்டைத் திரிய வைக்கும். சாதாரண வீட்டு மோட்டாரும் இரவு பகலாக ஓடுவதற்குச் செய்ததல்ல. கருப்பட்டி போட ஆசையாக இருக்கும். அதில் ஈரம் இருக்கிறது. தூளாக்கி, குறைந்த சூட்டில் நன்றாக உலர்த்திய பிறகே சேர்க்கலாம்.

உடம்புக்கு

சாக்லேட் மருந்து என்று செய்தித்தாள் சொல்லும் நாட்களில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கோகோவில் உள்ள ஃபிளவனால்கள் ரத்த ஓட்டத்துக்கு உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் நாளுக்கு 200 மில்லிகிராம் என்ற அளவில் அதை ஏற்றது. ஆனால் புளிக்க வைப்பதிலும் வறுப்பதிலும் ஒரு பங்கு போய்விடும், டச்சு முறையில் இன்னும் அதிகம் போய்விடும். 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 21,000க்கும் மேற்பட்ட முதியோரில் பாதிப் பேர் தினமும் 500 மில்லிகிராம் ஃபிளவனாலை மாத்திரையாக எடுத்துக்கொண்டார்கள். மொத்த இதயநோய் நிகழ்வுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அதே ஆண்டு கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு சோதித்த 28 டார்க் சாக்லேட்டுகளிலும் காட்மியமும் ஈயமும் இருந்தன. பயப்பட அல்ல, தினமும் ஒரு முழுக் கட்டி உடம்புக்கு நல்லது என்று நம்பித் தின்ன வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாய் வளர்ப்பவர்கள் மட்டும் பயப்படலாம். கோகோவின் தியோப்ரோமினை நாயின் உடல் மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். 70 சதவீத சாக்லேட் 100 கிராமில் சுமார் 800 மில்லிகிராம் தியோப்ரோமின். பால் சாக்லேட்டில் 200. நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தியும் படபடப்பும் தொடங்கும், 60ஐத் தொட்டால் வலிப்பு வரும். பத்து கிலோ எடையுள்ள நாய் ஒரு முழு டார்க் கட்டியைத் தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம், உறையைக் கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

சமையலறைக்கு வெளியே

உடல் சூட்டில் உருகும் என்ற குணத்துக்காகவே கோகோ வெண்ணெயை மருந்தகங்கள் ஆசனவாய் வழி வைக்கும் மாத்திரைகளுக்கு அடிப்படையாகப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. விருந்தினர் இருக்கும்போது சொல்ல வேண்டாம். உதட்டுத் தைலத்துக்கும் அதே குணம்தான். கோகோ வெண்ணெய், தேங்காயெண்ணெய், தேன்மெழுகு மூன்றும் சம எடை. ஆவிச் சூட்டில் உருக்கிச் சிறு டப்பாவில் ஊற்றினால் தைலம் தயார். கோடையில் மெழுகைக் கொஞ்சம் கூட்டுங்கள். பிரசவத் தழும்பு மறையும் என்று விற்பதை நம்பாதீர்கள். முறையான ஆய்வுகளில் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. கானாவில் காய் ஓட்டையும் வீணாக்குவதில்லை, எரித்த சாம்பலின் காரத்திலிருந்து சோப்பு செய்கிறார்கள்.

1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தில் குளியலறைத் தரையில் ஓடும் ரத்தம் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அதன் அடர்த்தி பொருத்தமாக இருந்தது. பள்ளி நாடகத்துக்கு இன்றும் உதவும்: சிரப்பில் சிவப்பு உணவு நிறம் கலந்தால், கடையில் விற்கும் இளஞ்சிவப்பு ரத்தத்தைவிட நம்பும்படி இருக்கும், பிள்ளைகள் நக்கினாலும் கவலையில்லை.

சட்டையில் பட்டதை எடுக்கும் வழி: முதலில் வெந்நீர் ஊற்றாதீர்கள், பால் புரதம் துணியில் பிடித்துக்கொள்ளும். மேலாக இருப்பதைக் கரண்டி முனையால் சுரண்டிவிட்டு, துணியின் உட்புறத்திலிருந்து குளிர்ந்த நீரைப் பாய்ச்சுங்கள். பிறகு பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தேய்த்துக் கால் மணி ஊறவையுங்கள். வெண்ணெய் அதில் போய்விடும். மிஞ்சும் பழுப்பு திப்பியுடையது, அதற்கு என்ஸைம் கலந்த சலவைத்தூளில் ஒரு மணி நேரம். கறை முழுதாகப் போகும்வரை இஸ்திரி போடக் கூடாது.